செத்த மாடும் ஒழுகும் கூரையும்

சிவமயம்

வெள்ளைக்கல் தோட்டம்,
புசல்லாவை.
20.1.1932

என் அன்புள்ள ஞானத்துக்கு,

ஆசீர்வாதம். நீ தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனதிலிருந்து இந்தக் குவாட்டர்ஸில் சுகமாக இருப்பது பூனை ஒன்றுதான். பொங்கலுக்கு நானே பொங்கினேன். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று சாஸ்திரம் பார்த்துக்கொண்டு நின்றதில் அடி பிடித்துவிட்டது. கரிந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிட்டேன். உன் கால் வீக்கம் வற்றியதா? மாமா, மாமியைக் கேட்டதாகச் சொல்.

இனி என் கஷ்டத்தைக் கேள். புதுத் துரை வந்திருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா, அவரிடம் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கிறது. பழைய துரை நான் எழுதி வைக்கிற கடிதங்களில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். சண்முகநாதனைப் போல இங்கிலீஷ் எழுதுகிற கிளாக்கர் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று மற்றத் துரைமாரிடம் பெருமை பேசியதாகவும் கேள்வி. அந்த இங்கிலீஷ் என் வீட்டு அடுக்களையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் அடுக்களை வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து வாசிப்பேன், நீ அடுப்பைப் பார்த்தபடியே திருத்துவாய். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போது கதிரை இருக்கிறது, நீ இல்லை.

போன வாரம் வண்டி மாடு ஒன்று செத்துப்போயிற்று. அதைப் பற்றிக் கொழும்புக் கம்பெனிக்கு எழுதச் சொன்னார். நான் நன்றாக யோசித்து, 'தி புல் இஸ் டையிங் ஸின்ஸ் மண்டே' என்று எழுதி வைத்தேன். ஓரத்தில் சிவப்பில், 'இன்னுமா?' என்று ஒரே ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பினார். சின்னக் கிளாக்கர் அதைப் பார்த்துவிட்டு இருமினான். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாட்டுக் கடிதத்தோடு இன்னொரு கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஆட்கள் குடியிருக்கிற கீழ் லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுவது பற்றியது. திருத்தி உடனே தபாலில் அனுப்பிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். முதலில் கடிதத்தைப் பார்.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்
சண்முகநாதன்

-

மஹய்யாவ, கண்டி.
24.1.1932

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. வயிற்றுக்குள் இருப்பது உதைக்கிற உதையைப் பார்த்தால் அதுவும் கையில் சிவப்புப் பென்சில் வைத்திருக்கிறது போல. அம்மா ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. சும்மா இருந்து இருந்து பைத்தியம் பிடிக்கிறது என்று இருந்தேன், உங்கள் மாடு வந்து காப்பாற்றியது. வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்து மருத்துவச்சியைக் கூப்பிடவா என்று கேட்டாள்.

அத்தான், அந்த மாடு திங்கட்கிழமை செத்தது. செத்தது செத்ததுதான், அதன் கதை முடிந்தது. என்றைக்கு என்று நாளும் சொல்லியாகிவிட்டால் நேரே இறந்தகாலத்தில் போட்டுவிட வேண்டியதுதான். 'தி புல் டைட் ஆன் மண்டே.' தீர்ந்தது. நீங்கள் எழுதியபடி பார்த்தால் பாவம், அது திங்கட்கிழமை தொடங்கி இன்றுவரை செத்துக்கொண்டே இருக்கிறது. கூரை விஷயம் வேறு. அது கார்த்திகையில் ஒழுகத் தொடங்கியது, இந்த நிமிஷமும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் 'ஹேஸ் பீன் லீக்கிங்'. செத்த மாட்டையும் ஒழுகுகிற கூரையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதெல்லாம், இது மாடா, கூரையா என்று உங்களையே கேளுங்கள். உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துபோகும்.

மற்றப் பாதி, நீங்கள் போடுகிற அந்தக் கும்பிடுகள். 'உங்கள் மிகத் தாழ்மையான கீழ்ப்படிந்த வேலைக்காரன் வணக்கமாய்த் தெரிவிக்கப் பிச்சை கேட்கிறான்' என்று நான்கு வரி போன பிறகுதான் அரிசி வரவில்லை என்று சொல்கிறீர்கள். அரிசி வரவில்லை என்றால் அரிசி வரவில்லை என்று எழுதுங்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்கள் டீச்சரம்மா ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். எழுதியதை வாய்விட்டு வாசி, வாய்க்கு வராததை அடி. அவ்வளவுதான்.

இரண்டையும் திருத்தி வைத்திருக்கிறேன். கூரைக் கடிதத்தைக் கொஞ்சம் அக்கறையாகவே எழுதினேன். அது புஷ்பத்தின் அறைக் கூரை அல்லவா? எனக்கு வாந்தி நிற்காமல் கிடந்த நாட்களில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே நம் வாசலுக்கு வந்து நாரத்தங்காய் வைத்துவிட்டுப் போனவள் அவள். பெற்ற தாய் பக்கத்தில் இல்லாத குறையை அவள்தான் தீர்த்தாள். அலுமாரியில் என் நீலச் சேலை இருக்கிறது. அவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், வரும் அவசரத்தில் மறந்துவிட்டேன். நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஞானம்

-

சிவமயம்

வெள்ளைக்கல் தோட்டம்,
புசல்லாவை.
13.2.1932

என் அன்புள்ள ஞானத்துக்கு,

ஆசீர்வாதம். ஒரு சிவப்புக் கோடு இல்லை! இரண்டு கடிதமும் வந்தபடியே கையெழுத்தாகிப் போயின. துரை என்னை நிமிர்ந்து பார்த்து, பரவாயில்லையே என்பது போலத் தலையை ஆட்டினார். சின்னக் கிளாக்கருக்கு அன்று முழுவதும் இருமல் வரவில்லை.

கூரைக் கடிதத்தை மட்டும் துரை இரண்டு தரம் வாசித்தார். இவ்வளவு விவரமாக முறையிடுகிறவன் யார் என்று கேட்டார். சடையனின் அறை என்று சொன்னேன். புருஷன் பெயரைச் சொல்வதுதானே வழக்கம்? சரி, பார்க்கலாம் என்று ஒரு பக்கமாக வைத்தார். இப்போது தகரம் வாங்குகிற காலமா? தேயிலை விலை விழுந்து கிடக்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றுகிறார்கள். இங்கேயும் என்ன நடக்குமோ என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். இந்த நேரத்தில் என் இங்கிலீஷ்தான் என்னைக் காப்பாற்றும் என்று நினைக்கிறேன். என் என்றால் உன்.

மாடா கூரையா என்று கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் சில காரியங்கள் மாடும் இல்லை கூரையும் இல்லை. உதாரணத்துக்கு, போன மாதம் அனுப்பிய உரம் இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறார்கள், வந்திருந்தால் போட்டிருப்போம். இதற்கு என்ன செய்வது? எனக்குத் தலை சுற்றுகிறது. இத்துடன் மூன்று கடிதங்கள் வைத்திருக்கிறேன்.

நீலச் சேலையைக் கொடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள். நாள் நெருங்குகிறது என்று மாமா எழுதியிருந்தார். தைரியமாக இரு. கடிதங்களை அதற்கு முன்னால் அனுப்பிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
சண்முகநாதன்

-

மஹய்யாவ, கண்டி.
10.3.1932

அத்தானுக்கு,

எனக்கு இப்போது எழுந்து உட்கார முடிகிறது. பெண் குழந்தை. நன்றாக அழுகிறாள், நன்றாகக் குடிக்கிறாள். இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அப்பா உங்களுக்குத் தந்தி கொடுத்தார். மறுநாளே உங்கள் பதில் தந்தி வந்தது. அதை வாசித்தவர் அப்பா. வீட்டில் அன்று பெரியம்மா இருந்தார், அத்தை இருந்தார், பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா பிள்ளையைப் பார்க்க நெய்யும் பேரீச்சம்பழமும் கொண்டு வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணீரென்று வாசித்துத் தமிழிலும் சொன்னார். 'சந்தோஷம். கடிதங்களைத் திருத்தி அனுப்பவும்.'

ஆஸியா உம்மாதான் பாவம், மருமகன் வேலையில் ரொம்பக் கருத்தானவர் போல என்று சொல்லிப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அத்தான், எனக்கு வலி எடுத்தது விடியற்காலை. குழந்தை பிறந்தது மறுநாள் மத்தியானம். நான் பிழைப்பேனா என்று மருத்துவச்சியே சந்தேகப்பட்டிருக்கிறாள். இதற்கு நடுவில் உங்கள் உர மூட்டைகள் எந்தக் காலத்தில் வந்தன என்று நான் யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்று கடிதங்களும் இத்துடன் இருக்கின்றன. திருத்தியிருக்கிறேன். கோபம் வேறு, வேலை வேறு.

ஞானேஸ்வரி

-

சிவமயம்

வெள்ளைக்கல் தோட்டம்,
புசல்லாவை.
30.3.1932

என் அன்புள்ள ஞானத்துக்கும், நம் கண்மணிக்கும்,

ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. மாமாவும் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு வாங்குகிறார்கள், அதனால்தான் சுருக்கினேன் என்று நான் சொன்னதற்கு, எந்தச் சொல்லை விட்டீர்கள் என்று நீ கேட்டாய். பஸ்ஸில் கம்பளை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது ஒரு அவசரம். நீ எவ்வளவு கோபமாக இருந்தாலும் இதை மட்டும் செய்து கொடுத்துவிடு. இதில் என் வேலையே தங்கியிருக்கிறது.

மாசி மழையில் கீழ் லயத்துக் கூரை மோசமாகிவிட்டது. சடையன் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்தில், எல்லா ஆட்களுக்கும் முன்னால், தகரம் எப்போது போடுவீர்கள் என்று துரையிடம் கேட்டுவிட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் துரைக்கு அது பொறுக்கவில்லை. நீதானே முன்பும் முறையிட்டவன் என்று சொல்லி, அன்றைக்கே குடும்பத்தோடு பற்றுச்சீட்டு எழுதச் சொல்லிவிட்டார். பற்றுச்சீட்டு என்றால் தெரியுமே, வேலையும் போயிற்று, லயத்து அறையும் போயிற்று. எழுதியது நான்தான், வேறு யார் எழுதுவது? அவர்கள் கண்டிக்குப் போய், தோட்டத்து ஆட்களின் குறை கேட்கிற இந்திய ஏஜெண்ட் ஆபீஸில் முறையிட்டிருக்கிறார்கள். விளக்கம் கேட்டுத் துரைக்குக் கடிதம் வந்துவிட்டது. விசாரணை முடிகிறவரை அவர்கள் அறையில் இருக்கலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது.

துரை என்னைக் கூப்பிட்டு, அந்தக் குடும்பம் ஊருக்குப் போகத் தாங்களே ஆசைப்பட்டுச் சீட்டுக் கேட்டு வாங்கினார்கள் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன். வாசித்துவிட்டு, இது இயல்பாக இல்லை, வாசிக்கிறவன் நம்பமாட்டான், மாட்டுக் கடிதம் மாதிரி எழுது என்று திருப்பிவிட்டார். நான் நாலு தரம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் இன்னும் மோசமாகத்தான் வருகிறது. நீ தொட்டால் இயல்பாக வந்துவிடும். காலம் எல்லாம் இறந்தகாலம்தான், நான் சரியாகப் போட்டிருக்கிறேன். ஓட்டம்தான் இல்லை.

குழந்தையை முத்தமிட்டதாகச் சொல்.

சண்முகநாதன்

-

மஹய்யாவ, கண்டி.
4.4.1932

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள் இங்கே யார் வந்தார்கள் தெரியுமா? புஷ்பம். ஏஜெண்ட் ஆபீஸுக்கு மறுபடியும் சடையனோடு வந்தவள், அவனைக் கடைத்தெருவில் நிற்க வைத்துவிட்டு, விசாரித்து விசாரித்து மஹய்யாவைக்கு நடந்தே வந்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். முந்தானையில் உப்பிட்டுக் காயவைத்த நாரத்தங்காய் முடிந்து வைத்திருந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நகத்திலிருந்து முடிவரை பார்த்தாள். காதுக்குப் பின்னால் இருக்கிற மச்சத்தை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவளே அவள்தான். அவள் கட்டியிருந்தது அதே பழைய சேலை. தோள் பக்கம் தைத்தது. நீலச் சேலையைக் 'கொடுத்தாயிற்று என்றே வைத்துக்கொள்' என்று எழுதியிருந்தீர்கள். வைத்துக்கொண்டேன், அத்தான்.

பற்றுச்சீட்டைப் பற்றி அவளாகச் சொல்லவில்லை. நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள். நான் அழுததைப் பார்த்து அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

"பயப்படாதீங்கம்மா. பதில் எழுதுறது நம்ம கிளாக்கரையாதானே? ஐயா எழுதினா நடந்தது நடந்தபடி இருக்கும்னு இவருகிட்ட சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்."

மறுநாள் அந்த ஐயா எழுதியது என் கைக்கு வந்தது.

வாய்விட்டு வாசித்தேன். உங்கள் துரை சொன்னது சரி, இயல்பாக இல்லை. நீங்கள் நாலு தரம் இல்லை, நாற்பது தரம் எழுதினாலும் வராது. நான் எழுதினாலும் வராது. நடக்காத காரியத்துக்கு எந்தக் காலத்தைப் போடுவது? இறந்தகாலம் சரியாகப் போட்டிருக்கிறேன் என்கிறீர்கள். அவர்கள் என்றைக்கு ஆசைப்பட்டார்கள்? என்றைக்குக் கேட்டார்கள்? போன கடிதத்தில் நீங்களே நடந்ததையெல்லாம் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

கூரைக் கடிதத்தை அத்தனை அக்கறையாக எழுதியவள் நான். அதை வாசித்துத்தான் உங்கள் துரை சடையனின் பெயரை மனதில் வைத்துக்கொண்டார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இதற்கும் என் கையைக் கேட்காதீர்கள்.

நம் குவாட்டர்ஸிலிருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போகிற வழியில்தான் அவர்கள் அறை. அது பூட்டிக் கிடக்க, நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தோடு அதைத் தாண்டிப் போகமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. அந்தக் கடிதம் போனால் நான் அங்கே வரவில்லை, அத்தான்.

உங்கள் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஒரு கோடும் போடவில்லை.

ஞானம்

-

வெள்ளைக்கல் தோட்டம்,
புசல்லாவை.
8.4.1932

ஞானேஸ்வரிக்கு,

மாமாவின் வீட்டில் மாமி சமைக்க நீ இருந்து சாப்பிட்டுக்கொண்டு நியாயம் பேசுவது சுலபம். இங்கே நிற்கிறவன் நான். தோட்டத்துக்குத் தோட்டம் கிளாக்கர்மாரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இந்த வேலை போனால் குவாட்டர்ஸ் போகும், அரிசி போகும். அப்புறம் பிள்ளைக்கு என்ன கொடுப்பாய், உன் டீச்சரம்மா சொன்னதையா?

கையெழுத்துத் துரையுடையது. கேள்வி வந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் வெறும் பேனா. பேனாவுக்கு என்ன பாவம்? சடையனுக்கும் வாய் கொஞ்சம் நீளம். எல்லோர் முன்னாலும் கேட்காமல் ஆபீஸுக்கு வந்து கேட்டிருக்கலாம்.

டவுனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். நல்ல இங்கிலீஷ். அவரிடம் கொடுத்து எழுதிக்கொள்கிறேன். உனக்கு இனி இந்தத் தொந்தரவு வேண்டாம். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம்.

சண்முகநாதன்

-

சிவமயம்

வெள்ளைக்கல் தோட்டம்,
புசல்லாவை.
29.4.1932

என் அன்புள்ள ஞானத்துக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடும்படியான கடிதமும் அல்ல அது. தபால்காரன் பையை இறக்கும்போதெல்லாம் ஆபீஸ் கடிதங்களுக்கு முன்னால் உன் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போதும் நீ கேட்காமலே எழுதுகிறேன், கோபிக்காதே.

போஸ்ட் மாஸ்டர் நன்றாகவே எழுதிக் கொடுத்தார். தேன் மாதிரி ஓடியது. ஊருக்குத் திரும்பும் ஏக்கம் அவர்களை வாட்டியது என்றுகூட ஒரு வரி போட்டிருந்தார். வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு நல்ல தாளில் அதைப் படியெடுக்க உட்கார்ந்தேன். அப்போது புஷ்பம் வந்தாள். விறகு கொண்டு வந்து வழக்கம்போலப் பின்பக்கம் போட்டுவிட்டு, போகாமல் படியில் உட்கார்ந்தாள். சீட்டைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து நான் தாளைக் கையால் மறைத்தேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாப்பாவைப் பற்றிப் பேசினாள்.

"நெத்தி உங்க நெத்திங்கையா. காதுக்குப் பின்னால மச்சம் பார்த்தீங்களா? சிரிக்கும்போது ஒரு கண்ண மட்டும் மூடுது, திருட்டுக்குட்டி."

ஞானம், நான் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க அங்கே இருந்தேன், பிள்ளையை எத்தனை நேரம் கையில் வைத்திருந்தேன்? பையில் இருந்த கடிதங்களை உன்னிடம் எப்போது எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். என் மகளுக்கு மச்சம் இருப்பதை, நான் தெருவில் விடப்போகிறவள் வந்து எனக்குச் சொல்கிறாள். அவள் போன பிறகு போஸ்ட் மாஸ்டரின் தாளை அடுப்பில் போட்டேன்.

பிறகு நானே எழுதினேன். மாடா கூரையா என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக் கேட்டு எழுதினேன். 'சடையன் ஆஸ்க்ட் ஃபார் ஹிஸ் ரூஃப். ஹி டிட் நாட் ஆஸ்க் டு கோ. தி ரூஃப் ஹேஸ் பீன் லீக்கிங் ஸின்ஸ் நவம்பர்.' சடையன் கேட்டது கூரையைத்தான், ஊருக்குப் போக அல்ல என்று. அப்புறம் இன்னும் சில வரிகள். கும்பிடு ஒன்றும் போடவில்லை. வாய்விட்டு வாசித்தேன். வாய்க்கு வந்தது.

காலையில் துரையின் மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். வழக்கமாக வைத்துவிட்டு வந்துவிடுவேன், தெரியும்தானே. சிவப்புப் பென்சிலை எடுத்தார். கடைசிவரை வாசித்தார். ஒரு இடத்திலும் கோடு போடவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இது நீயே எழுதியது என்று தெரிகிறது, முன்பு வந்த நல்ல கடிதங்களை யார் எழுதியது என்று கேட்டார். என் மனைவி என்று சொன்னேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை வெளியில் ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல்தரம். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

துரை அதில் கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. போன வாரம் ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். என்னைக் கேட்டார். எழுதியதையே சொன்னேன். சடையன் குடும்பத்துக்குக் கொடுத்த பற்றுச்சீட்டைத் துரை திரும்ப வாங்கிக்கொண்டார். நேற்று அவர்கள் இரண்டு பேர் பெயரையும் பிரட்டில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கூரை இன்னும் ஒழுகுகிறது.

என்னைச் சின்னக் கிளாக்கரிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார். வருகிற மாதத்தோடு எனக்கு இங்கே வேலை இல்லை. இதை மாமாவிடம் நீ சொல்வாயா, நான் வந்து சொல்லவா?

பயமாக இருக்கிறது, ஞானம். பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்தத் தாளை எழுதியதற்காக ஒரு நிமிஷமும் வருத்தப்படவில்லை. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்துவதற்காக அல்ல. நீ வாசிக்க வேண்டும் என்றுதான்.

இன்னொன்று. நீலச் சேலை இன்னும் கொடுக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதத் தொடங்கிவிட்டு இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? அலுமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

வேலையில்லாதவன் அங்கே வரலாமா? எழுது.

உன்
சண்முகநாதன்

-

மஹய்யாவ, கண்டி.
3.5.1932

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நான் வாசித்து முடிக்குமுன் அப்பா வாங்கி வாசித்துவிட்டார். அதனால் யார் சொல்வது என்ற கவலை விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த இங்கிலீஷ் தாளை, தந்தியை வாசித்த அதே குரலில், அம்மாவுக்கும் ஆஸியா உம்மாவுக்கும் கணீரென்று வாசித்துத் தமிழில் சொன்னார். முடித்துவிட்டு, மாப்பிள்ளை படுக்கிற அறையை ஒழித்து வை என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அதில் பிழை இருக்கிறது, அத்தான். இரண்டு இடத்தில் காலம் வழுக்கியிருக்கிறது, ஒரு இடத்தில் சொல்லே தப்பு. பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். அதை நான் தொடமாட்டேன். நம் மகளுக்கு எழுத்துத் தெரியும் வயதில் அப்படியே காட்டப் போகிறேன்.

பயம் எனக்கும்தான். தினமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஒன்றும் சரிவரவில்லை. கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கிற ஆஸியா உம்மாவின் தம்பி சாஹுல் ஹமீதுக்குக் கொழும்பு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுத ஆள் வேண்டுமாம். சம்பளம் சொற்பம்தான். வந்து பேசிப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் வாருங்கள். நாம் இரண்டு பேர் இருக்கிறோம். கதிரையை மாத்திரம் கொண்டு வாருங்கள், இந்த அடுக்களைக்கும் வாசல் இருக்கிறது.

பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அம்மா அவசரப்படுத்தினாள், நான்தான் தள்ளிப்போட்டேன். நீங்கள் வந்ததும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் வைப்போம். ஒரு கண்ணை மூடிச் சிரிப்பது உண்மைதான். புஷ்பம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அலுமாரிச் சாவி அடுக்களையில், மிளகாய்த் தகரத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. சேலை இரண்டாவது தட்டில். அவள் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள்.

உங்கள்
ஞானம்